விரைவு கருவிக்கு, பொறுமை நமக்கு

நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவையொட்டி நடந்த ஒளிப்படக் காட்சியில் முதற்பரிசு பெற்ற படத்தை நண்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இரு சிறகுகளையும் அகல விரித்து, அலகைத் திறந்து, தன் முட்டைகளுக்கு முன்னால் நின்று எதிரியை எதிர்க்கும் ஓர் ஆள்காட்டிப் பறவையின் படம் அது. "தாய்மை" என்று அதற்குப் பெயர். புறநானூற்றுத் தாயை இந்தப் பறவையிடம் காண்கிறோம் என்று மேடையில் ஒருவர் மனமுருகப் பேசினார். எல்லோரும் கைதட்டினீர்கள். படத்தை எடுத்தவன் நான்.

அந்தப் பரிசைச் சென்ற வாரம் சங்கத்திடமே திருப்பித் தந்துவிட்டேன். காரணம் கேட்ட செயலாளரிடம் வாயால் சொல்ல நா எழவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதுவே இக்கட்டுரை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் பறவை மட்டும்தான் தெரிகிறது, எதிரி தெரியவில்லை. அந்த எதிரி நான்தான். பறவை என்னைக் கண்டு அஞ்சித்தான் சிறகை விரித்தது. நான் அங்கே நில்லாதிருந்தால் அந்தப் படமும் இல்லை. அந்த அச்சமும் இல்லை.

இதைக் கொண்டு, காமிராவே வேண்டாம், கையால் வரைந்து பழகுங்கள் என்று உபதேசம் செய்யப் போகிறேன் என்று எண்ணவேண்டாம். நான் விஞ்ஞான மாணவன். அதிலும் ஒளியியலை விரும்பிப் படிப்பவன். ஒரு நல்ல கருவியைக் கண்டால் கோவில் தேரைக் கண்ட சிறுவனைப்போல் பின்னாலேயே ஓடுபவன். என் கட்சி வேறு. விரைந்து படமெடுக்கும் காமிரா வந்த பிறகு பறவையைத் துரத்தவேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ஆனால் நாமோ முன்னிலும் அதிகமாகத் துரத்துகிறோம். கருவிக்கு வாய்த்த விரைவை நமக்கு வாய்த்த உரிமையாக எடுத்துக்கொண்டோம். இது கருவியின் குற்றமன்று; அதைக் கையில் ஏந்தியவனின் குற்றம்.

கருவியைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் என் வழக்கு விளங்கும்.

பழைய எஸ்.எல்.ஆர். காமிராவின் உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும், ஒளி உள்ளே விழும், படம் பதியும், கண்ணாடி மறுபடி கீழே வரும். அந்த இமைப்பொழுதில் நம் பார்வை இருண்டுவிடும். 'டக்' என்ற ஓசையும் எழும். எவ்வளவுதான் திறமையாகச் செய்தாலும், ஒரு கண்ணாடித் துண்டு வினாடிக்கு எத்தனை முறை எழுந்து விழ முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு.

மிரர்லெஸ் காமிராவில் அந்தக் கண்ணாடி இல்லை. ஒளி நேரே சென்சாரில் விழுகிறது. சென்சார் காண்பதையே நாம் ஒரு சிறு திரையில் காண்கிறோம். 2017-இல் வந்த சோனி ஆல்பா 9, பார்வை இருளாமலே வினாடிக்கு 20 படங்கள் எடுத்தது. 2021-இல் நிக்கான் இசட் 9 வந்தது. அதில் அசையும் ஷட்டரே கிடையாது. எல்லாம் மின்னணு வேலை. 2023-இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட ஆல்பா 9-இன் மூன்றாம் வடிவம் வினாடிக்கு 120 படங்கள் வரை எடுக்கும். முந்தியவை சென்சாரை வரிவரியாகப் படிப்பவை. படிப்பதற்குள் சிறகு அசைந்துவிட்டால் படத்தில் சிறகு வளைந்து நிற்கும். இதுவோ சென்சார் முழுவதிலும் ஒரே கணத்தில் படத்தைப் பிடித்துவிடுகிறது. இவற்றில் பிந்தியவை பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்து, அது போகுமிடமெல்லாம் குவியத்தைத் தொடரச் செய்கின்றன. நம் முப்பாட்டன் காலத்தில் சொல்லியிருந்தால் மாயம் என்றிருப்பார்கள்.

இத்தனையிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. 2016-இல் ஒலிம்பஸ் நிறுவனம் தன் இ-எம்1 மார்க் 2 காமிராவில் ஒரு வசதியைக் கொடுத்தது. பிறகு மற்றவர்களும் கொடுத்தார்கள். பொத்தானைப் பாதி அழுத்திக்கொண்டு காத்திருந்தால், காமிரா ஓசையின்றிப் படங்களை எடுத்து எடுத்து அழித்துக்கொண்டே இருக்கும். பறவை எழுந்ததும் நாம் முழுவதும் அழுத்துகிறோம். அழுத்துவதற்குச் சற்று முன்னால் எடுத்த படங்களையும் சேர்த்து அது காத்துக்கொள்ளும். அதாவது, தவறவிட்ட கணத்தைத் திருப்பித் தருகிறது!

இதன் அருமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். கண் கண்டதை மூளை உணர்ந்து விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழக் கால் வினாடி ஆகிறது. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகும் பறவை அதற்குள் 2 மீட்டர் கடந்துவிடும். ஆகையால்தான் கிளையிலிருந்து மீன்கொத்தி பாயும் முதற்கணம் முன்பெல்லாம் எளிதில் கிட்டாததாயிருந்தது. பறவை எப்போது எழும் என்று தெரியாத படக்காரர்களில் சிலர், அதை எழுப்பிவிடுவதற்கு ஆள் வைத்தார்கள், கல் எறிந்தார்கள், கைதட்டினார்கள். பறவை பறக்கும் வேளையை நாமே குறித்துவிட்டால் விரல் ஆயத்தமாக இருக்கும் அல்லவா? புதிய வசதி வந்த பிறகு அந்தக் கொடுமைக்குக் காரணமே இல்லை. பறவை தன் விருப்பப்படி எழட்டும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். பொத்தானின் ஓசைகூட இல்லை. பறவைக்கு இதைவிட நட்பான காமிரா இதற்குமுன் இருந்ததில்லை என்றே சொல்வேன்.

அப்படிப்பட்ட காமிரா ஒன்று என் கைக்கு வந்தது. கண்ணாடி போன காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு, நான் என் முகத்தைப் பார்க்க மறந்த கதையை இனிச் சொல்கிறேன்.

சென்ற மே மாதம். பரீட்சை முடிந்து பாதி விடுதி காலி. ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல் நான் டில்லியிலேயே தங்கிவிட்டேன். ஆராய்ச்சிக்கூடத்து அண்ணன் ஒருவர் ஊருக்குப் போகும்போது தம் மிரர்லெஸ் காமிராவையும் நீண்ட லென்ஸையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இரண்டுக்கும் சேர்த்து விலை பல இலட்சம். என் தந்தையார் சாத்தூரில் நடத்தும் கடையை அப்படியே விற்றாலும் வாங்க முடியுமோ முடியாதோ! வினாடிக்கு 30 படம் எடுக்கும் கருவி. என் மகிழ்ச்சியைக் கேட்பானேன்?

விஞ்ஞானக் கட்டடத்துக்குப் பின்னால், கட்டடம் எழுப்பத் தொடங்கிப் பாதியில் விட்ட சரளைக்கல் திடல் ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் ஆள்காட்டி இணை முட்டையிட்டிருந்தது. சிவப்பு மூக்கு ஆள்காட்டி என்பார்களே, அது. ஊரில் கண்மாய்க்கரையில் ஆள் நடமாட்டம் கண்டவுடன் கத்திக் கூட்டத்தையே எழுப்பிவிடும் அதே பறவைதான். கூடு என்று ஒன்று கட்டாது. தரையில் சிறு பள்ளம்; சுற்றிலும் சில கற்கள்; நடுவில் கல்லைப்போலவே புள்ளியிட்ட நான்கு முட்டைகள்.

நான் போனேன். பறவை கத்தியது. இன்னும் நெருங்கினேன். அது முட்டையைவிட்டு எழுந்து, என்னைச் சுற்றிப் பறந்து, தரையிறங்கிச் சிறகை விரித்துக் காட்டியது. காமிரா அதன் கண்ணைப் பற்றிக்கொண்டது. நான் அழுத்தினேன். படங்கள் மழைபோல் பொழிந்தன. பறவை சிறகை மடக்கி மெல்ல முட்டையை நோக்கி நடக்கும். நான் ஓரடி முன்வைப்பேன். அது மறுபடியும் சிறகை விரிக்கும். பொம்மலாட்டக்காரன் நூலை இழுப்பதுபோல் நான் அதை ஆட்டிவைத்தேன். அப்போது அப்படித் தோன்றவில்லை. வேட்டையின் வெறி என்பார்களே, அது காமிராவோடும் வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது தோட்ட வேலை செய்யும் பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "படம் கிடைத்ததா, பேட்டா?" என்று கேட்டார்.

"நிறையக் கிடைத்தது, சாச்சா" என்றேன்.

"அந்த டிடஹரி குழாயடித் தண்ணீருக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். வெயில் ஏற ஏறப் போய்ப் போய் வரும். இன்றைக்கும் நனைத்துக்கொண்டுதான் வந்தது. உட்காரத்தான் நீ இடம் கொடுக்கவில்லை" என்றார்.

அவர் குரலில் கோபமில்லை. வானம் மேகமூட்டமாக இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். நான் ஒரு புன்னகையோடு அறைக்குப் போய்விட்டேன்.

பிறகு புத்தகங்களைப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றும் உண்மை. கோடையில் ஆள்காட்டி தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். மற்ற பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க அமர்கின்றன என்றால், டில்லி மே மாதத்தில் இது சூட்டைத் தடுக்க அமர்கிறது. நிழலாக நிற்பதும் உண்டு. 40 பாகைக்கு மேல் கொதிக்கும் காற்று. அதனினும் கொதிக்கும் சரளைக்கல். அந்தத் தரையில் வெயில்படக் கிடக்கும் முட்டைக்குள் ஓர் உயிர் எவ்வளவு நேரம் தாங்கும்?

எவ்வளவு நேரம் நான் அங்கே நின்றேன் என்பதைக் காமிராவே சொல்லிற்று. முதற்படம் காலை 10 மணி 7 நிமிடம். கடைசிப் படம் 10 மணி 49 நிமிடம். 42 நிமிடங்கள்! மொத்தம் 1,860 படங்கள். அவற்றில் ஒன்றில்கூடப் பறவை முட்டைமேல் அமர்ந்திருக்கவில்லை. அலகு திறந்திருந்ததை எதிர்ப்புக் குரல் என்று கருதினோமே, பல படங்களில் அது வெப்பம் தாளாத இளைப்பு.

இங்கேதான் என் பாடப் புத்தகக் கணக்கு என்னையே சுட்டது. ஒவ்வொரு படத்துக்கும் நான் வைத்த ஷட்டர் நேரம் ஒரு வினாடியில் 2,500-இல் ஒரு பங்கு. அப்படியானால் 1,860 படங்களுக்கும் சேர்த்துச் சென்சாரில் ஒளி விழுந்த நேரம் முழுதாக முக்கால் வினாடிகூட இல்லை. முக்கால் வினாடி ஒளிக்காக அந்தப் பறவையின் 42 நிமிடங்களை எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் திடலுக்குப் போனேன். முட்டைகள் நான்கும் அப்படியே இருந்தன. பறவைகள் இல்லை. மறுநாளும் இல்லை. அதன் பிறகு முட்டைகளும் இல்லை.

இது என்னால்தான் நேர்ந்தது என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. நாய் வந்திருக்கலாம், கீரி வந்திருக்கலாம், வேறு யாரேனும் நடந்திருக்கலாம். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சோதனை கெட்டுப்போனால், காரணங்களின் பட்டியலில் என் பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுத எனக்குக் கற்பிக்கப்படவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, எட்டு மாதம் கழித்து, அதே படத்துக்குத் "தாய்மை" என்று பெயர் வைத்துக் காட்சிக்கு அனுப்பினேன். ஆள்காட்டியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், இரண்டுமே அடைகாக்கும். அது தாயா தந்தையா என்பதே எனக்குத் தெரியாது. பெயரும் பொய். படம் மெய்யாக இருந்தும் அது சொன்ன கதை பொய். என் குற்றங்களில் இதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னது அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது.

நண்பர்களே, இது என் ஒருவனுடைய கதையாக இருந்தால் அடுத்த காட்சிக்கு வராமல் இருந்துவிடுவேன்; இதழின் பக்கங்களைக் கெடுக்கமாட்டேன். ஆனால் இந்தக் கருவி இனி நம்மில் பலர் கைக்கு வரப்போகிறது. இன்று பல இலட்சம் விலையுள்ள வசதி நாளை சில ஆயிரத்துக்கு வரும், கைப்பேசியிலும் வரும். ஆகையால் இப்போதே பேசுவது நல்லது.

சிலர் சொல்லக்கூடும்: "படம்தானே எடுத்தாய்? துப்பாக்கியால் சுடவில்லையே!" இந்த வாதத்தை நானும் எனக்குள் சொல்லிப் பார்த்தவன்தான். காமிராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு பழையது. 1882-இல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பறவைகள் பறக்கும் முறையை ஆராய ஒரு காமிரா செய்தார். துப்பாக்கியின் உருவம்; தோளில் வைத்துக் குறி பார்க்கவேண்டும்; விசையை இழுத்தால் வினாடிக்கு 12 படம் எடுக்கும். நம் விரைவுக் காமிராக்களின் மூத்த பாட்டி அது. ஆனால் மாரே தேடியது அறிவு. சிறகு எப்படி இயங்குகிறது என்று அந்தப் படங்களால் உலகம் கற்றது. என் 1,860 படங்களால் உலகம் என்ன கற்றது? நான் என்ன கற்றேன்? பறவை முட்டையை நனைக்கிறது என்பதைக்கூட நான் படத்தால் அறியவில்லை. காமிரா இல்லாத ஒரு பெரியவரின் வாயால் அறிந்தேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. வினாடிக்கு 30 படம் என்று பெருமையடிக்கிறோமே, ஒவ்வொன்றும் 2,500-இல் ஒரு பங்கு நேரம் என்றால், ஒரு வினாடியில் காமிரா உண்மையில் பார்ப்பது ஆயிரத்தில் 12 பங்கு. எஞ்சிய 988 பங்கும் அதற்கு இருட்டு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் அந்த 988 பங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்ரா பார்க்கப் போகும் நம் நண்பர்களில் பலர் பக்கத்திலுள்ள பரத்பூருக்கும் போய் வருவது உண்டு. அந்தக் கேவலாதேவ் சரணாலயத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அரசர் காலத்து வேட்டைக் கணக்கு அது. 1938 நவம்பர் 12-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு வந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன என்று பொறித்திருக்கிறார்கள். பொறித்தவர்களுக்கு அது பெருமை. படிக்கும் நமக்கு நடுக்கம். அதே இடம் பின்னர் தேசியப் பூங்காவாயிற்று. 1985-இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. எண்ணிக்கையைப் பெருமையாக எழுதிவைக்கும் பழக்கம் மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை. "இன்று 3,000 பிரேம்" என்று நாம் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளும்போது அந்தக் கல்வெட்டை எண்ணிப்பாருங்கள்.

சட்டமும் என் பக்கம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறது. கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல. காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் வேட்டையே என்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை.

"நல்ல படங்களைப் பார்த்துத்தானே மக்களுக்குப் பறவைகளிடம் அன்பு பிறக்கிறது?" என்று வேறு சிலர் கேட்பார்கள். உண்மைதான், மறுக்கமாட்டேன். ஆனால் என் படத்தைப் பார்த்தபின், "இதேபோல் ஒன்று நானும் எடுக்கவேண்டும், கூடு எங்கே இருக்கிறது?" என்று என்னைக் கேட்டவர்கள் ஐவர். அன்பு பிறந்ததோ இல்லையோ, போட்டி பிறந்தது. ஐவருக்கும் ஐந்து 42 நிமிடங்கள் என்றால், எந்தப் பறவை குஞ்சு பொரிக்கும்?

பொறுமையால் நல்ல படம் கிடைக்காது என்று எண்ணுவதும் தவறு. நம்மவர் ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912-இல் பிறந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்துக்கொண்ட கனத்த காமிராவால், கறுப்பு வெள்ளையில், யானையையும் மானையும் படமெடுத்தார். வினாடிக்கு 30 படமா? ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் சுருளில் ஓர் இடம் செலவாகும் காலம் அது. அவர் விலங்கை முதலில் அறிந்தார்; பிறகு காத்திருந்தார்; பிறகே எடுத்தார். நம்மிடம் அவரிடம் இல்லாத விரைவு இருக்கிறது. அவரிடம் இருந்த பொறுமையையும் சேர்த்துக்கொண்டால் நாம் எங்கேயோ போய்விடலாம்.

நான் முயன்றும் பார்த்தேன். டிசம்பரில் அதே காமிராவை அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, யமுனைக் கரையில் ஓக்லா சரணாலயத்துக்குப் போனேன். ஒரு வெண்மார்பு மீன்கொத்தி நீரோரக் கம்பத்தில் அமர்ந்திருந்தது. தொலைவில் உட்கார்ந்தேன். ஓசையில்லா ஷட்டர், முன்கணத்தைப் பிடிக்கும் வசதி, பாதி அழுத்திய பொத்தான். விரல் வலித்தது, குளிர் நடுக்கியது, மூடுபனி மெல்ல விலகியது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பறவை எனக்காக ஒன்றும் செய்யவில்லை. தலையைச் சாய்த்து நீரைப் பார்த்தது, இறகைக் கோதியது. பாய்வதற்கு முன்னால் அது தலையை இரண்டொரு முறை மேலும் கீழும் அசைக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். பிறகு பாய்ந்தது. நான் காலங்கடந்துதான் அழுத்தினேன். ஆனாலும் கம்பத்தைவிட்டுக் கால் எழும் கணம் காமிராவில் இருந்தது. மீனோடு திரும்பி வந்து அதே கம்பத்தில் அமர்ந்தது. நான் அங்கே இருப்பதை அது பொருட்படுத்தவே இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய பரிசு வேண்டியதில்லை.

அந்தப் படத்தையும் காட்சிக்கு அனுப்பியிருந்தேன். யாரும் அதன்முன் நிற்கவில்லை. "தாய்மை"யின் முன்தான் கூட்டம். குறை கூட்டத்தினுடையதன்று. எந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று நாம் யாரும் கேட்பதில்லை, சொல்வாரும் இல்லை.

ஆகையால் சங்கத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. அடுத்த காட்சிக்கு வரும் ஒவ்வொரு உயிரினப் படத்துடனும், எடுத்த நாள், இடம், எவ்வளவு தொலைவில் எவ்வளவு நேரம் நின்று எடுத்தது என்ற குறிப்பு இருக்கவேண்டும். கூட்டின் இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லக்கூடாது. கூடு, முட்டை, பறக்கத் தெரியாத குஞ்சு ஆகியவற்றின் படங்களைப் போட்டிக்கு ஏற்கவே கூடாது. இரை வைத்தோ, பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கச் செய்தோ, எழுப்பிவிட்டோ எடுத்த படங்களுக்கும் இடமில்லை என்று எழுதிவைக்கவேண்டும். கடைசியாக, ஒரு பறவையைப் பல வாரங்கள் பார்த்து எழுதிய குறிப்பேட்டுக்கும் ஒரு பரிசு வையுங்கள். அதற்குக் காமிரா வேண்டியதில்லை. இலட்ச ரூபாய் லென்ஸ் இல்லாத மாணவனும் வெல்லக்கூடிய பரிசாக ஒன்றாவது இருக்கட்டும்.

"குறிப்பில் பொய் எழுதினால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் கேள்வி ஒன்று எதிரில் நின்றால் மனச்சாட்சி விழித்துக்கொள்ளும். "எவ்வளவு நேரம் நின்றாய்?" என்று அந்தப் படிவம் என்னைக் கேட்டிருந்தால், 42 நிமிடம் என்று எழுத என் கை கூசியிருக்கும், படத்தை அனுப்பியிருக்கமாட்டேன்.

இன்னொன்றும் செய்யலாம். நம் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் ஊர்ப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் ஒன்று 2015-இல் தொடங்கியது. வீட்டைச் சுற்றிக் கால் மணி நேரமாவது நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்டில் பதியவேண்டும், அவ்வளவுதான். இங்கே விடுதியில் சர்க்கரைப் பொங்கல் வேகும் நேரத்தில் நாமும் அதைச் செய்யலாம். பெயர் தெரியாத பறவையை அடையாளம் காண விரைவுக் காமிரா மிகவும் உதவும். அதுவல்லவா அதற்கேற்ற வேலை?

பொறுத்துப்போவது நமக்குப் புதிதன்று. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் நிறைந்த ஊர். ஆண்டுக்கு ஒரு பண்டிகை. ஆனாலும் ஊரே ஓசையடக்கி இருக்கிறது. ஓசையில்லா ஷட்டரைக் காமிரா செய்வோர் கண்டுபிடித்தார்கள். ஓசையில்லாத் தீபாவளியை நம் கிராமத்தார் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் பெற்ற நாம் ஒரு பறவைக்காக ஓரடி பின்வாங்கக் கூடாதா?

இப்போது மறுபடியும் கோடை வருகிறது. விஞ்ஞானக் கட்டடத்துக்குப் பின்னால் ஆள்காட்டியின் குரல் கேட்கத் தொடங்கிவிட்டது. அதே இணையா, வேறு இணையா, அறியேன். தோட்டக்காரப் பெரியவர் திடலின் ஓரத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார். காலையில் நான் அதை நிரப்பிவிட்டு, வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன். காமிரா கொண்டுபோவதில்லை.

ஆள் வருகிறான் என்று காட்டிக்கொடுப்பதால் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். சென்ற ஆண்டு அது காட்டிக்கொடுத்த ஆள் நான். இந்த ஆண்டு நான் நிற்கும் தொலைவில் அது கத்துவதில்லை.